எங்களுக்கு வேண்டாத பாடம்

1

கர்ப்பிணிகள் வரிசையில் போய் நின்றால் எனக்கு எலும்பு வைத்தியப் பகுதிக்கு வழி காட்டுகிறார்கள். ஒரு தடவை அல்ல, மாதாமாதம் இதே கூத்துதான். ஏழு மாத வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை. இடது காலில் தொடைவரை கட்டியிருக்கிற இரும்புச் சட்டமும், அது சிமென்டுத் தரையில் எழுப்புகிற சத்தமும்தான் படுகின்றன. முதல் மாதம் சீட்டு எழுதுகிறவர் நிமிராமலே, "மூளெ டாக்டரா? கடைசி பில்டிங்" என்றார். கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பு. பெங்களூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்த நிமிஷம் எனக்கு அது தோன்றவில்லை. என் மூளைக்கு என்ன கேடு வந்தது என்று சண்டைக்குப் போய்விட்டேன். வரிசையே சிரித்தது.

போன மாதம் ஒரு புது நர்ஸ். என் பக்கத்தில் என் கணவர் சுந்தரம் பிளாஸ்க்கும் பையுமாக நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் ஆயிருக்கா?" என்று என்னைக் கேட்டாள். ஆயிருக்கிறது என்றேன். "இவரு அண்ணனா?" என்றாள். இவர் பொறுமைசாலி, ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவர், கோடு கோணினால்தான் கோபம் வரும். "புருஷன்தாம்மா" என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றாள்.

என் கோபம் எப்படிப்பட்டது என்று மலாயாவில், நம் ஈப்போவில் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குள் வேறொரு கேள்வி உட்கார்ந்திருந்தது. உள்ளே போனதும் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும் என்று மாதாமாதம் நினைத்துப் போவேன், கேட்காமலே திரும்பி வருவேன். இந்தக் குழந்தையின் கால் எப்படி இருக்கும்? இதுதான் கேள்வி. தாவரவியலில் பட்டம் வாங்கியவள், இளம்பிள்ளை வாதம் வம்சத்தில் வருவதல்ல என்று புத்தகத்தில் படித்தவள். இருந்தும் ராத்தூக்கம் போய்விட்டது.

2

என்னைக் கப்பலேற்றிய அன்று ஈப்போவில் எல்லோரும் "தாய்நாட்டுக்குப் போகிறாய்" என்று சொல்லி மாலை போட்டார்கள். இங்கே வந்து இறங்கியதும் "நீங்க ஃபாரினா?" என்றார்கள். ரேஷன் கார்டில் கணவர் பெயரோடு என் பெயரைச் சேர்க்க நடந்த நடையைத் தனியாகவே எழுதலாம். பிறந்த இடம் மலாயா என்றதும் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மேலதிகாரியைப் பார், அவர் லீவு, அடுத்த வாரம் வா என்று அலைக்கழித்தார்கள். சர்க்கரை வாங்கத்தானே கேட்கிறேன், சொத்தையா எழுதிக் கேட்டேன்?

படிக்க வந்து கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில் சமையற்காரம்மாவிடம் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். நம் ஊரில் காலை ஆகாரத்துக்கு எல்லோரும் சொல்கிற பேச்சுதானே. அவள் நான் பட்டினி கிடந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி மீந்த சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். இப்போது நானும் 'டிபன்' என்கிறேன். என் நாத்தனார் பிள்ளைகள் நாங்கள் இருக்கிற அல்சூர்த் தெருவில் கன்னடத்திலேயே விளையாடி, கன்னடத்திலேயே சண்டை போடுகிறார்கள். பணியாரம் வேண்டுமானால் மட்டும் தமிழ் வருகிறது. எனக்குப் பிறக்கப்போவதும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

நம் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு விஷயம் புரியும் என்பதால் சொல்கிறேன். என் தங்கை வயதுக்கு வந்தபோது நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, மாமன் சீர் வந்து இறங்கியது. அதற்கு முன் நான் வயதுக்கு வந்தபோது அம்மா கதவைச் சாத்தினாள். பழைய துணியைக் கிழித்துக் கொடுத்து, "வெளியே சொல்லாதே" என்றாள். சடங்கு என்பது எங்கள் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், வந்து கேளுங்கள் என்று ஊருக்குச் சொல்வது. என்னை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரஸர். ஊரார் உடம்பெல்லாம் அவருக்குத் தெரியும், மகளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். கல்யாணம்தான் ஆகப்போவதில்லை, படிப்பாவது இருக்கட்டும் என்றுதான் என்னைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். கோபப்பட்டுக்கொண்டே வந்தேன், ஆனால் வந்ததற்கு வருத்தப்பட்டதில்லை.

3

நான் படித்த பெண்கள் கல்லூரியிலேயே இப்போது பாடம் நடத்துகிறேன். அங்கே வெகுநாளாக ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருஷப் பெண்களுக்கு, பரீட்சைக்கு முன்னால், தையில் ஒரு நாள் லேடி டாக்டர் வந்து பேசுவார். மண்டபத்து ஜன்னல்களையெல்லாம் சாத்துவார்கள். காவற்காரனைக்கூட வெளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள். பெண் உடம்பு, கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் அன்றைக்குத்தான் சொல்லப்படும் என்று ஒரு வாரமாகவே விடுதியில் குசுகுசுவென்று பேச்சு நடக்கும்.

அந்தப் பேச்சுக்கு எல்லோரும் போக முடியாது. கன்னியாஸ்திரீயாகப் போகிறவர்களுக்கு வேண்டாம். அவர்களோடு சேர்த்து என்னைப் போல் கால் விளங்காதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேட்காதவர்களுக்கும் வேண்டாம். எழுதிவைத்த விதி அல்ல. வார்டன் மிஸ் பின்டோ வாசலில் நின்று, "உனக்கு எதுக்கும்மா இது, கிச்சன்ல போய் உதவி பண்ணு" என்பார், அன்பாகத்தான். தை என்றால் பெங்களூரில் அவரைக்காய்க் காலம். கோணி கோணியாக வந்து இறங்கும். நான் படித்த வருஷம் நானும் கன்னியாஸ்திரீயாகப் போகவிருந்த ஒரு மங்களூர்ப் பெண்ணும் சமையலறைப் படியில் உட்கார்ந்து, ஊறவைத்த பருப்பைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தோம். விரலெல்லாம் பிசுபிசுத்தது. அவளுக்குக் கடவுள் இருந்தார், எனக்கு அதுவுமில்லை. உள்ளே இருப்பவர்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வெளியே வரப்போகிறார்கள், நான் மட்டும் ஆயுசுக்கும் தெரியாமலே இருக்கப்போகிறேன் என்று அழுகை அழுகையாக வந்தது.

பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தேன். கூட வேலை பார்த்தவளின் தம்பி சுந்தரம் என்னைக் கேட்டார், ஊரே வியக்கும்படி கல்யாணமும் நடந்தது. சிரிக்காதீர்கள், செம்பருத்தியின் சூலகத்தை நெடுக வெட்டி, குறுக்கே வெட்டி, பலகையில் பாகம் பாகமாக வரைந்து காட்டுகிறவள் நான். என் உடம்பைப் பற்றிக் கல்யாணத்தன்று எனக்குத் தெரிந்தது அந்தச் செம்பருத்தியோடு நின்றது.

4

வசந்தா எங்கள் கல்லூரியில் பி.ஏ. கடைசி வருஷம். இருபத்தோரு வயது. சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. அப்பாவுக்குக் கோலாரில் சுரங்க வேலை, அதனால் அவள் விடுதியில் இருக்கிறாள். சரித்திரம் எடுத்துப் படிக்கிறாள், கேட்டதை மறக்கமாட்டாள். பாடப் புத்தகங்களை வாசித்துக் காட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் தாமோதரன் என்று ஒரு பையன் வருவான். வசந்தாவின் அண்ணனுக்குச் சிநேகிதன், தபாலாபீஸில் வேலை.

விடுதியில் ஆண்கள் யார் வந்தாலும், சொந்த அண்ணனே ஆனாலும், முன்கூடத்தில் ஆயாவின் பார்வையில்தான் உட்கார வேண்டும். வசந்தாவுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சத்தம் போட்டு வாசிப்பது மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று புத்தக அறையைத் திறந்துவிட்டு ஆயா போய்விடுவாள். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பொண்ணுக்கு என்ன மிஸ் ஆயிடப் போவுது?" என்றாளாம்.

இந்தத் தையில் ஒரு நாள் மத்தியானம் வசந்தா சுவரைத் தொட்டுக்கொண்டே என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நான் தனியாக இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டாள். இளைத்துத் துரும்பாக இருந்தாள். "மிஸ், நீங்க உண்டாயிருக்கீங்கன்னு பொண்ணுங்க பேசிக்கிட்டாங்க. மொதல்ல உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

நாள் தள்ளிப்போனது, தலைசுற்றல், சாப்பாட்டைக் கண்டால் குமட்டல் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"எனக்கும் அதேதான் மிஸ்."

முக்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தேன். யார் என்று கேட்டேன். தாமோதரன். பலவந்தமா என்றேன். இல்லையென்று வேகமாகத் தலையாட்டினாள், அவளுக்கும் பிடித்துத்தான் இருந்ததாம். அப்படியானால் என்ன நடந்தது?

"முத்தம் குடுத்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை. அப்புறம் இன்னொரு ஞாயித்துக்கிழமையும்."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் மீதியையும் சொன்னாள். சிநேகிதி ஒருத்திக்கு என்று பொய் சொல்லி ஆயாவிடம் யோசனை கேட்டிருக்கிறாள். பட்டினி கிடந்தால் கலைந்துவிடும், கலையாவிட்டால் இதைக் குடிக்கச் சொல் என்று ஆயா ஏதோ வேர்க் கஷாயத்தை சீசாவில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பட்டினி கிடந்து பார்த்தாயிற்று. சீசா அவளுடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாதா கோயிலுக்குப் போனதும் குடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். குடித்துச் செத்துப்போனாலும் பரவாயில்லை, அப்பாவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றாள். நான் அந்தக் கஷாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். குடித்து ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்த ஒரு பெண்ணை இந்தத் தெருவிலேயே தெரியும்.

முத்தத்தில் பிள்ளை வராது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்? உங்களையும்தானே உள்ள விடல?" என்றாள். சுருக்கென்றது. என் மனதுக்குள்ளும் ஒரு பயம். முத்தம் என்று அவள் சொல்வது முத்தம் மட்டும்தானா? அதற்கு மேல் ஏதாவது நடந்திருந்தால் அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை இல்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. சீசாவைக் கொடு என்று அதட்டினேன், கெஞ்சினேன். டாக்டர் தன் வாயால் இல்லையென்று சொன்னால்தான் கொடுப்பேன் என்று ஒரே பிடிவாதம்.

5

சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் சட்டத்தின் சத்தம் ஒரு பக்கம், அவள் கோலின் சத்தம் ஒரு பக்கம், வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அதே புது நர்ஸ்தான் இருந்தாள். வசந்தாவைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், "அய்யோ பாவம், இவளையுமா? யாரு பண்ணினது?" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி கேட்டாள். வசந்தாவின் விரல்கள் என் கையை இறுக்கின. இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. உன் வேலை சீட்டு வாங்கி உள்ளே அனுப்புவது, அதைச் செய், எங்கள் கதையை விசாரிக்க உன்னை யாரும் உட்கார்த்தி வைக்கவில்லை என்று போட்ட சத்தத்தில் டாக்டர் சரோஜம்மாவே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

சரோஜம்மாதான் எங்கள் கல்லூரிக்கு வருஷாவருஷம் பேச வருகிறவர். கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். கதவைச் சாத்தி, வசந்தாவை உட்காரவைத்து, மூடிமறைக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு வாய் வராத கேள்வியையெல்லாம் தலைவலிக்கு விசாரிக்கிறமாதிரி அவர் கேட்டார், அவளும் பதில் சொன்னாள். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்ப் பரிசோதித்தார்.

வந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நோடம்மா, இங்க பாரு, உனக்கு ஒண்ணும் இல்ல. முத்தத்துல கர்ப்பம் ஆகாது. நீ சாப்பிடாம கிடந்ததுல நாள் தள்ளிப்போயிருக்கு, தலை சுத்துது. எப்படி ஆகும்னு இப்ப சொல்றேன், கவனமா கேளு."

தாதிகளுக்குப் பாடம் நடத்த வைத்திருந்த இடுப்பெலும்புக் கூட்டையும் துணிப் பொம்மையையும் அலமாரியிலிருந்து எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். கர்ப்பப்பை எங்கே இருக்கிறது, மாதாமாதம் என்ன நடக்கிறது, ஆணும் பெண்ணும் சேர்வது என்றால் என்ன, குழந்தை எந்த வழியாக, எப்படித் தலையைத் திருப்பிக்கொண்டு வருகிறது என்று அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு இடமாக வைத்துச் சொன்னார். எந்த ஆண் எங்கே தொட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னார். அவள் பொம்மையை எலும்புக்கூட்டின் நடுவே நுழைத்துத் தானே வெளியே எடுத்துப் பார்த்தாள். நானும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி எனக்கே புதிது.

இதையெல்லாம்தானே மண்டபத்தில் சொல்வீர்கள், எங்களை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்களே என்று எரிச்சலோடு சொன்னேன். சரோஜம்மா சிரித்தார்.

"அங்கயா? மிஸ் பின்டோ முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. அவங்க இருமுற வரைக்கும்தான் நான் பேசலாம். தண்ணி காய்ச்சிக் குடி, கீரை சாப்பிடு, துணியை வெயில்ல காயப்போடு. அதுக்கு மேல போனா இருமல் வந்துடும்."

அந்தப் படியில் உட்கார்ந்து அத்தனை அழுகை அழுதது கீரைக்காகவா?

வசந்தா பொம்மையைத் திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். "டாக்டர், எனக்கு ஆகுமா? என்னிக்காவது? நிஜமாவே?"

"ஏன் ஆகாது? கண்ணுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் அழுதாள். இல்லையென்று கேட்கத்தான் வந்தாள், ஆகும் என்று கேட்டதற்குத்தான் அழுதாள். பிறகு பைக்குள் கைவிட்டு சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் மூடியைத் திறந்து அதைத் தொட்டியில் கவிழ்த்தார். நாற்றம் அறை முழுக்க நின்றது.

அந்தச் சூட்டோடு நானும் என் கேள்வியைக் கேட்டுவிட்டேன். குழந்தைக்குக் கால் இப்படி வராது என்றார். ஆனால் என் இடுப்பெலும்பு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் கத்தி வைத்து எடுக்க வேண்டியிருக்கலாம், கடைசி மாதம் இங்கேயே வந்து படுத்துக்கொள் என்றார். ஒரு பயம் போய் இன்னொன்று வந்திருக்கிறது. இதற்காவது பெயர் தெரியும்.

6

திங்கட்கிழமை வார்டனைப் பார்த்து, இந்த வருஷம் வசந்தா மண்டபத்தில் உட்காரட்டும் என்றேன். கஷாயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, அது வசந்தாவின் ரகசியம். மிஸ் பின்டோ நல்ல மனுஷி, வசந்தாவுக்குத் தன் கையால் தலைவாரிவிடுகிறவர். இல்லாத ஆசையை அந்தப் பிள்ளை மனதில் ஏன் கிளப்பிவிட வேண்டும், பிறகு யார் அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கப் போகிறார்கள் என்று உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். ஆசை ஏற்கெனவே இருக்கிறது மிஸ், அறிவுதான் இல்லை என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பிரின்சிபாலிடமிருந்து செய்தி வந்தது. இந்த நிலைமையில், அதுவும் இந்தக் காலோடு, பெண்கள் முன்னால் நிற்பது நன்றாக இல்லை, உடனே லீவில் போகலாம் என்று. மற்ற ஆசிரியைகள் எட்டாம் மாதம்வரை வகுப்பு எடுத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. ஆக, லேடி டாக்டர் பேச்சு நடந்த அன்று நான் அல்சூர் வீட்டில், இருப்புக்கொள்ளாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். சுந்தரம் தரை தேய்ந்துவிடும் என்றார்.

நேற்று வசந்தா அவள் அண்ணனோடு என்னைப் பார்க்க வந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. அண்ணன் வாசலில் சுந்தரத்தோடு பேசிக்கொண்டிருக்க, அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு நடந்த அன்று அவளையும் சமையலறைக்குத்தான் அனுப்பினார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் என் முழங்காலைத் தட்டி, மீதியையும் கேளுங்கள் என்றாள்.

அன்று மாலை துணி துவைக்கிற கல்லடியில், மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் ஒவ்வொருத்தியாக அவளிடம் வந்தார்களாம். மிஸ் பின்டோவுக்கு இந்த வருஷம் இருமல் சீக்கிரமே வந்துவிட்டதாம். டாக்டர் தனியாகச் சொல்லிக்கொடுத்ததை வசந்தா தன் அறைத்தோழியிடம் முன்பே சொல்லியிருந்தாளாம். நீதான் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் தனியாகக் கேட்டாயாமே, எங்களுக்குச் சொல்லேன் என்று சுற்றி உட்கார்ந்துவிட்டார்களாம். அவர்களில் இரண்டு பேருக்கு வைகாசியில் கல்யாணம்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"டாக்டர் சொன்னதை ஒண்ணு விடாம சொன்னேன் மிஸ். ஒரு பொண்ணோட கையைப் பிடிச்சு அவ இடுப்பு மேலயே வெச்சுக் காட்டினேன். பத்மினிக்கு மயக்கமே வந்துடுச்சு, தண்ணி தெளிச்சாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன், வயிறு வலிக்கும்வரை. அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கடைசியில, எனக்கும் ஆகும்னு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். யாரும் சிரிக்கல மிஸ்."